பிளந்த இடது காது

அத்தியாயம் பதினொன்று

கடைச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்த தீரியேவை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மருமகன் மஹத் சாவியைக்கூடக் கேட்கவில்லை. "மாமா, காலையில நான் கடையைத் திறக்கறேன், நீங்க கொஞ்ச நேரம் படுங்க" என்றுதான் சொன்னான். அதிலேயே தீரியேவுக்குத் திருட்டு வாசனை அடித்துவிட்டது. பாசமாகப் பேசுகிறவன் எதையோ எடுக்கத்தான் வருகிறான். எழுபது வருஷத்தில் அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கற்றது அதைவிடக் குறைவு.

பெர்பெரா துறைமுகத்துக்குப் பின்னால், மீன் சந்தையை ஒட்டி, ஏழு மேசை போட்ட கடை. பலகையில் ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. ஊருக்கு அது 'காது தீரியே கடை'.

நாற்பது வருஷம் கப்பலேறும் ஆடுகளுக்குத் தரகு பார்த்தவர். கறுத்த தலையும் வெள்ளை உடம்புமாக ஆயிரம் செம்மறி ஒரே அச்சில் நிற்கும். காதில் வெட்டிய குறியைப் பத்தடி தள்ளி நின்று பார்த்து, இது இன்னார் கிடா, இது இன்னார் கிணற்றில் தண்ணீர் குடித்தது என்று சொல்லிவிடுவார். அப்படி வந்த பட்டம்.

இப்போது மகள் ஹோதன் சமைக்கிறாள். மஹத் பரிமாறுகிறான். தீரியே வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் சந்தேகப்படுகிறார்.

இரண்டு வருஷமாக அந்தக் கண்ணில் புகை மூடிக்கொண்டு வருகிறது. கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், ஓரம் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. காது தீரியேவுக்குக் கண் தெரியவில்லை என்று சந்தையில் ஒருவன் சிரித்துவிட்டால் அப்புறம் உயிரோடு இருந்து என்ன?

அன்று பின்கட்டில் நான்கு கிடா நின்றன. மூன்று அவருடையவை. வலது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கும். நான்காவது, பால்காரி அஸ்லியுடையது. இடது காது நடுவரை இரண்டாகப் பிளந்திருக்கும்.

அஸ்லிதான் கடைக்குத் தினமும் ஒட்டகப் பால் கொண்டு வருகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன் ஸமதர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாலைவனம் தாண்டி லிபியா பக்கம் போனவன், அங்கே சிறையில் விழுந்து, இரண்டு வருஷம் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாமல் கிடந்தான். அப்போது அஸ்லி ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கி நேர்ந்துகொண்டாள். 'மகன் உயிரோடு வீட்டு வாசலை மிதித்தால் இதை அறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பேன்.' நேர்ச்சைக் கறியில் நேர்ந்தவளும் அவள் வீட்டாரும் ஒரு வாய்கூடத் தின்னக்கூடாது. அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன மழையில் அவள் வீட்டுச் சுவர் இடிந்தது. கிடாவைக் கொண்டுவந்து தீரியே கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

"இந்த ஊர்ல நான் நம்பறது உன் ஒருத்தனைத்தான். ஏன் தெரியுமா? நீ யாரையும் நம்ப மாட்டே. திருடன் உன் பக்கம் வர மாட்டான்."

அதைக் கேட்டு அவர் சிரித்ததை ஹோதன் பார்த்தாள். அப்பா சிரித்தது அந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

*

விடிவதற்கு முன்பே அறுத்தாக வேண்டும். வெயில் ஏறினால் கறி நிற்காது. கப்பலில் மூட்டை இறக்கும் ஆட்கள் இருபது பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள்.

தீரியே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது மஹத் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"மாமா, கொஞ்சம் இருங்க. போன் லைட்டைப் போடறேன்."

"எதுக்கு?"

"இருட்டா இருக்கே. நாலு நிக்குது. அஸ்லி பெரியம்மா கிடாவும் இதுலதான்..."

"டேய். நீ உங்கம்மா வயித்துல வர்றதுக்கு முன்னாடியே நான் ஒரு நாளைக்கு ஆயிரம் காது பார்த்தவன். எனக்கு லைட்டு பிடிக்க வந்துட்டியா? போ, போய்க் கரியைப் பத்தவை."

"பிடிச்சுக்க ஒரு ஆள் வேணாமா?"

"உன்னைப் பிடிக்கவே ஒரு ஆள் வேணும். போடா."

மஹத் போய்விட்டான்.

தீரியே நான்கு வெள்ளை உருவங்களுக்கு நடுவே நின்றார். கையை நீட்டிக் காதைத் தடவிப் பார்த்திருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் தடவிப் பார்ப்பது குருடன் வேலை. யாரும் பார்க்கவில்லைதான். அவர் பார்த்துக்கொண்டிருந்தாரே!

அந்த ஓரத்தில் நிற்பதுதான் பெரியது, என்னுடையது என்று கண்ணை நம்பிக் கயிற்றை அவிழ்த்தார். அவருடைய கிடாக்கள் முரண்டு பிடிக்கிறவை. இது கூடவே நடந்து வந்தது. உட்கார்ந்தபோது அவர் உள்ளங்கையை மோந்து பார்த்தது. 'இன்னைக்கு என்னடா இவ்வளவு சாது' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை அவர் நிற்க விடவில்லை. அல்லாவின் பெயரைச் சொல்லி அறுத்தார்.

தோலை உரித்து, தலையைத் தொட்டியில் போட்டுச் சாக்கால் மூடிவிட்டார். மஹத் தண்ணீரோடு வந்தபோது வெறும் கறிதான் தொங்கிக்கொண்டிருந்தது.

*

பன்னிரண்டு மணிக்கு ஹோதன் பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அப்பா. இங்க வாங்க."

"என்னம்மா, நீதான் வாயேன். வாசல்ல ஆள் இல்லேன்னா எவனாவது நாற்காலியைத் தூக்கிட்டுப் போவான்."

"அப்பா, வாங்கன்னா வாங்க!"

அடுப்பில் வாட்டுவதற்காகத் தலையைத் தொட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்து, இடது காதின்மேல் வைத்தாள்.

அவர் விரல் காதின் ஓரத்தில் நகர்ந்தது. நடுவில் ஒரு பிளவில் விழுந்தது.

உள்ளே இருபது பேர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கறி முக்கால்வாசி போய்விட்டது.

"அப்பா, உங்களுக்குக் கண்ணு..."

"வாயை மூடு. இருட்டு. இருட்டுல எவனுக்குத் தெரியும்?"

"அவர் லைட்டு பிடிக்கறேன்னு சொன்னாரே. நான் படுத்துக்கிட்டே கேட்டேன்."

"அவன் பேச்சை விடு."

"அஸ்லி பெரியம்மாகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடுங்க."

"ஊர் திரும்பற மகனைக் கூட்டிட்டு வர ஹர்கெய்சா டவுனுக்குப் போயிருக்கா. நாளைக்குத்தான் வருவா. அதுக்குள்ள சந்தையில இதே மாதிரி ஒண்ணு..." சொல்லும்போதே அவருக்கு வாய் கசந்தது. அந்தப் பிளந்த காது இல்லாமல் இதே மாதிரி ஒன்றா? ஊரிலுள்ள அத்தனையும் இதே மாதிரிதான். காது ஒன்றுதான் வேறு.

கத்தியை எடுத்து அந்தக் காதை அறுத்தார். ஒரு துணியில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. குப்பையில் எறிய கை வரவில்லை.

"உன் புருஷன்கிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா அந்தப் பயல் ஊர் பூரா தம்பட்டம் அடிப்பான்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லை."

"எல்லாரும் அப்படிப்பட்டவங்கதான். நேரம் வரணும், அவ்வளவுதான்."

ஹோதன் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பார்வை என்ன பார்வை என்று அவருக்குத் தெரியாது. அதுவும் புகையில்தான் இருந்தது.

*

பன்னிரண்டரை மணிக்கு வாசலில் அந்தக் குரல்.

"காதுக்காரா! யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாரு!"

அஸ்லி. பின்னால் உயரமாக, எலும்பாக ஒருவன். சட்டை அவன்மேல் காயப் போட்டது போலத் தொங்கியது.

தீரியே எழுந்து நின்றார். "நாளைக்குன்னு சொன்னியே?"

"வண்டி கிடைச்சுது, வந்துட்டோம். ஏன், ஒரு நாள் முன்னாடி வந்தா உன் கடையில சோறு இல்லையா? வீட்டுல பாலைத் தவிர ஒண்ணும் இல்லை. பையன் சாப்பிடணும். முதல்ல தீரியே கடைன்னு வண்டியிலயே சொல்லிட்டேன். டேய் ஸமதர், மாமாவுக்கு சலாம் சொல்லு."

"திரைக்குப் பின்னாடி இடம் இருக்கு, அங்க உட்காருங்க."

"திரை எதுக்கு? ஒன்பது வருஷம் கழிச்சு வந்திருக்கான். ஊர் பார்க்கட்டும்!" நடு மேசையில் போய் உட்கார்ந்தாள். பின்கட்டுப் பக்கம் திரும்பி நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுத்தாள். தினமும் காலையில் வாழைப்பழத் தோலோடு வந்து கொடுக்கிற சத்தம் அது. அதைக் கேட்டதும் அந்தக் கிடா கத்தும்.

எதுவும் கத்தவில்லை.

"என் ராசாவுக்கு என்ன கோபம்? ஒரு நாள் வரலேன்னா பேச்சை நிறுத்திட்டானா?"

"வெயில்ல... தூங்குது."

"நாளைக்குத் தூங்க முடியாது அவனால. பள்ளிவாசல் ஷேக்கிட்ட சொல்லியாச்சு. காலையில நாப்பது பேர் வர்றாங்க." அவள் குரல் இறங்கியது. "பாவம்தான். ஆனா வாக்கு கொடுத்தாச்சே."

தீரியே தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு மீன்தான். மீன் சாப்பிடுங்க."

"மீனா!" என்று மூலை மேசையிலிருந்து ஒரு குரல். ஒத்தைப்பல் கேதி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவன். தினமும் மதியம் அந்த மூலை அவனுடையது. "அஸ்லி, இந்தக் கிழவன் பேச்சைக் கேட்காதே. இன்னைக்குக் கறி இருக்கு பாரு, வெண்ணெய். எனக்கு இருக்கிறது ஒரு பல்லு. அதுக்கே வேலை இல்லை. நல்லா வாழ்ந்த கிடாடா அது!"

"நல்லதை ஒளிச்சு வெச்சுக்கறியா?" என்று அஸ்லி சிரித்தாள்.

"கறி முடிஞ்சுபோச்சு."

"முடியலை மாமா!" என்றான் மஹத், சமையற்கட்டு வாசலிலிருந்து. அவனுக்கு என்ன தெரியும்? ஹோதனின் வாயை அடைத்தது யார்? "ஸமதர் அண்ணன் வந்திருக்காருன்னு கேட்டதும் தொடைக்கறியை எடுத்து வெச்சுட்டேன். இதோ."

தாம்பாளம் வந்தது. மசாலாச் சோறு, நடுவில் கறி, ஓரத்தில் முழு வாழைப்பழம், எலுமிச்சை, பச்சை மிளகாய்ச் சட்னி. மஹத் அதைத் தாய்க்கும் மகனுக்கும் நடுவே வைத்துவிட்டு, மரியாதையாக ஓரடி பின்னால் நின்றான். இவ்வளவு அழகாக அவன் பரிமாறி தீரியே பார்த்ததில்லை. பார்க்க முயற்சி செய்ததும் இல்லை.

அஸ்லி கையை அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கறியைப் பிய்த்தாள். சோற்றோடு சேர்த்து உருட்டினாள். கை மேலே போனது. மகன் வாய்க்கா, தன் வாய்க்கா? தீரியே இரண்டு முழம் தள்ளி நின்றார். கறுப்பாக ஒரு முக்காடு, பழுப்பாக ஒரு கை. கை எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. மறுபடி கை தாம்பாளத்துக்கு இறங்கியது.

அவர் தாம்பாளத்தைப் பிடுங்கினார்.

சோறு அஸ்லியின் மடியில் சிந்தியது. வாழைப்பழம் உருண்டு தரையில் விழுந்தது. விருந்தாளி முன்னால் வைத்த தட்டை எடுப்பதற்குப் பதில் அவன் கன்னத்தில் அறையலாம். அறைந்தவனுக்காவது நாளைக்குப் பஞ்சாயத்து உண்டு.

"தீரியே?" என்றாள் அஸ்லி. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

உண்மை அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஏழு மேசையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"கறி கெட்டுப்போச்சு," என்று கத்தினார். "இந்தப் பயல்! நேத்துக் கறியைக் கலந்துட்டான். நூறு தடவை சொன்னேன், கேட்டானா? எங்கிருந்தோ வந்தவன், கடையைக் கெடுக்கணும்னே வந்தவன்!"

அவர் கை மஹத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"யோவ்! அரைக் கிடா என் வயித்துல கிடக்கு. இப்பச் சொல்றே?" என்று கேதி எழுந்தான். யாரோ தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஓடி வாயைக் கொப்பளித்தார்கள். மூட்டை ஆட்கள் துப்பிக்கொண்டே வெளியே போனார்கள்.

நேற்றுக் கறி என்று ஒன்று கடையில் கிடையாது. அது மஹத்துக்கும் தெரியும், தீரியேவுக்கும் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அஸ்லியின் மடியில் சிந்தியிருந்த சோற்றைக் குனிந்து பொறுக்கித் தட்டில் போட்டான். "மன்னிச்சுக்குங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அஸ்லி மகனின் கையைப் பிடித்து எழுப்பினாள். ஸமதர் ஒன்பது வருஷத்தில் எதற்கும் ஏன் என்று கேட்காமல் எழுந்திருக்கப் பழகியிருந்தான். கேட்கவில்லை.

*

மூன்று மணி வெயிலில் பெர்பெராவில் நாயும் நடக்காது. தீரியே நடந்தார்.

பையில் அந்தத் துணி. நடக்க நடக்க அது கனத்தது. மஹத்தைப் பற்றி நினைக்காமல் இருக்க ஆட்டைப் பற்றி நினைத்தார். ஆட்டைப் பற்றி நினைக்காமல் இருக்க மஹத்தைப் பற்றி நினைத்தார். இரண்டிலும் நிழல் இல்லை.

அஸ்லி தகர வீட்டின் வாசலில் உட்கார்ந்து, பால் கெடாமலிருக்க, எரிகிற குச்சியைக் காலிப் பால் சொம்புக்குள் விட்டுப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தட்டைப் பிடுங்கினது பத்தாதா? பாயையும் உருவ வந்தியா?"

"அஸ்லி, நான்..."

"மெதுவாப் பேசு. உள்ளே தூங்கறான். ஒன்பது வருஷத் தூக்கம்."

வாழ்க்கை முழுதும் கத்தியே பேசியவர். குரலை எப்படி இறக்குவது என்றே தெரியவில்லை. பேச்சை விட்டுவிட்டு, பையிலிருந்த துணியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் பிரித்தாள். பார்க்கக்கூட இல்லை, கட்டைவிரலால் தடவினாள். விரல் பிளவில் நின்றது.

சொம்புக்குள் குச்சி புகைந்துகொண்டே இருந்தது.

"எப்போ?"

"இன்னைக்கு. விடியறதுக்கு முன்னாடி."

"அப்போ மத்தியானம் நான் பிசைஞ்ச சோறு..."

"அதான் பிடுங்கினேன்."

காதை மறுபடி துணியில் சுருட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "முரண்டு பிடிச்சானா?"

பொய் சொல்லலாம். ஆனால் அதுவும் அவளுக்குத் தெரிந்துவிடும் போலிருந்தது. "இல்லை. கையை மோந்து பார்த்துது."

அஸ்லி முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். "வாழைப்பழத் தோலுன்னு நினைச்சிருக்கும்."

தீரியே மண்ணைப் பார்த்தார்.

"காது தீரியே. ஆயிரத்துல ஒண்ணைப் பொறுக்கி எடுப்பேன்னு சொல்லுவியே. நாலுல ஒண்ணு தெரியலையா உனக்கு? இருட்டா?"

தப்பிக்க வழியை அவளே திறந்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இருட்டு. யாருக்கும் நடக்கும். காலையிலிருந்து அவர் கட்டிக்கொண்டு நின்றதும் அதைத்தான்.

"இருட்டு இல்லை," என்றார். "வெளிச்சத்துலயும் தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. எனக்குக் கண்ணு போயிடுச்சு, அஸ்லி."

சொன்ன பிறகுதான் அது நிஜமானது போலிருந்தது. தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். நீ... வாயில வெச்சியா? பையனுக்கு ஊட்டினியா? உன் கை மேல போச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியலை."

அஸ்லி அவரைப் பார்த்தாள். அவள் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது, எப்படிப் பார்க்கிறாள் என்பது தெரியவில்லை.

"சொல்ல மாட்டேன்."

"அஸ்லி!"

"சொல்ல மாட்டேன். ஷேக்கிட்ட சொல்லுவேன். அல்லாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். நீ தெரியாமலே கிட. நான் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது உனக்கு. நான் வந்து உட்கார்ந்ததும் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எழுந்து போயிருப்பேன். நீ மீனுன்னே."

அவள் குச்சியைச் சொம்புக்குள் ஒருமுறை சுழற்றினாள்.

"அந்தப் பையனை ஏன் திட்டினே? கத்தி அவன் கையில இல்லையே?"

"தெரியலை. வாய் பழகிப்போச்சு."

"என் மடியில சிந்தினதை ஒவ்வொரு பருக்கையாப் பொறுக்கினான். ஏச்சு வாங்கிக்கிட்டே பொறுக்கினான்." சொம்பிலிருந்த குச்சியை உருவி மண்ணில் தேய்த்து அணைத்தாள். "நாளைக்குக் காலையில நாப்பது பேர் வருவாங்க. என் மகன் இந்த வாசலை மிதிச்சுட்டான். வாக்கு வாக்குதான். எனக்குக் கிடா வேணும். உன் கையால வேண்டாம். உன் மருமகன் பார்த்து எடுத்து, அவன் கையால கொண்டு வரட்டும். வந்து, நாப்பது பேருக்கு முன்னாடி நீ சொல்லு, கெட்டது கறியா, கண்ணான்னு."

தீரியே எழுந்தார். காதை அவள் திருப்பித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

*

கடை பாதி அடைத்துக் கிடந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் டீக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஒரு ஈ மட்டும் கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹோதன் நடு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் எங்கே?"

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றாள். "தலை, காது, எல்லாம். உங்க பேச்சை மீறிட்டேன். இப்போ என்ன செய்யப்போறீங்க?"

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. துண்டை மடிச்சு ஆணியில மாட்டினார். பின்வாசல் வழியாப் போயிட்டார். நாலு மணியிலேர்ந்து காணோம். போனும் எடுக்கலை."

தீரியே பின்கட்டுக்குப் போனார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையாக ஏதோ அசைந்தது. எத்தனை என்று கண்ணைச் சுருக்கவில்லை. நேரே போய்க் கையை நீட்டினார்.

முதல் கிடா. வலது காது, நுனி நேராக. அடுத்தது. வலது காது, நுனி நேராக. மூன்றாவது முளைக்குக் கை போனது. கயிறு மட்டும் கைக்கு வந்தது. கயிற்றின் நுனியில் ஒன்றும் இல்லை.

'திருட்டுப் பயல்' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. மஹத் மருமகனாக வந்த நாளிலிருந்து, மூன்று வருஷமாகத் தயாராக வைத்திருந்த வார்த்தை. ஹர்கெய்சா வண்டி மாலைத் தொழுகை முடிந்ததும் கிளம்பும். ஒரு கிடாவை விற்றால் ஒருவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். காலையில் இதே இடத்தில், இதே நிச்சயத்தோடுதான் ஒரு கயிற்றை அவிழ்த்தார்.

"ஹோதன்."

"என்ன?"

"இங்க வாம்மா. விளக்கை எடுத்துட்டு வா. எனக்குக் கண்ணு தெரியலை."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் வேகமாக வருகிற காலடி.

"ரெண்டுதான் நிக்குதுப்பா," என்றாள் விளக்கைத் தூக்கி. "கயிறு அறுந்துபோகலை. யாரோ முடிச்சைப் பொறுமையா அவிழ்த்திருக்காங்க."

பின்வாசலைத் தாண்டினால் மணல் சந்து. பத்தடியில் அது இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் அஸ்லி வீடு. வலது பக்கம் போனால் வண்டி நிற்கிற இடம்.

தீரியே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்கினார்.

"மண்ணுல குளம்படி இருக்கும். பார்த்துச் சொல்லு. எந்தப் பக்கம் போகுது?"

ஹோதன் விளக்கைத் தாழ்த்திக் குனிந்தாள். தீரியே குனியவில்லை. குனிந்தும் பயனில்லை. அவள் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் அதை அவர் நம்பித்தான் ஆக வேண்டும்.